ஒல்லாந்துக் கீரையும் ஒரு குடம் நல்ல தண்ணீரும்

"யோவ்! கைய எடுய்யா!"

மழைச் சத்தத்தையும் மீறி வந்தது அந்தக் குரல். சடையன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

பனையோலை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்தபடி வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தாள் ஒருத்தி. பாதி வழியிலேயே ஓலை காற்றில் பறந்து போனது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. மழைத்துளி நெற்றியில் விழுந்து, புருவத்தில் தயங்கி, இமையில் இறங்கி... அடேயப்பா, என்ன கண்கள்! சடையன் ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவன். எத்தனையோ ஆழம் பார்த்தவன். ஆனாலும் அந்தக் கண்களைப் பார்த்ததும் அவனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை.

அந்தக் கண்களோ அவனைப் பார்க்கவே இல்லை. அவன் கையைத்தான் பார்த்தன. கையில், வேரும் மண்ணுமாக ஒரு பச்சைச் செடி.

"புடுங்கிட்டியா... ஐயோ, புடுங்கியே புட்டியா..."

"இன்னாமே இதுக்குப் போயி கத்தற? முத்திப்போன கொத்தமல்லி. தண்டு ஏறிடுச்சு, பூ வைக்கப் போவுது. இனிமே இது எதுக்கு ஆவும்? நண்டுச் சாத்துல போட்டுக்கலாம்னு எடுத்தேன். பாத்தியில சும்மா எடத்த அடைச்சிக்கினு நின்னுச்சு. உனக்கு ஒத்தாசைதானே பண்ணேன்?"

"கொத்தமல்லியா? மோந்து பாருய்யா மொதல்ல!"

சடையன் முகர்ந்தான். முகம் சுளித்தான். கொத்தமல்லி இல்லை. ஓமமும் இல்லை. மழை நனைத்த புல்லும் மிளகும் சேர்ந்தாற்போல, மூக்கில் ஏறித் தலைக்குள் போய் நின்றது ஒரு வாசனை.

"குதிரைக்குப் போடுற மருந்தா இது?"

அவ்வளவுதான். சுள்ளென்று பதில் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவள் சேற்றிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.  திட்டினால் திருப்பித் திட்டலாம். அழுதால் என்ன செய்வது? இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லையே...

அவள் பெயர் பவுனம்மாள். எல்லாருக்கும் பவுனு. பழவேற்காட்டுக் கோட்டை மேல் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கோட்டை அகழிக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த காய்கறித் தோட்டத்தை அவளுடைய அப்பா தருமலிங்கம் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்து வந்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து தோட்டம் முழுக்கப் பவுனு கையில்தான். கிணறு, ஏற்றம், பாத்தி, ஓரத்தில் ஒரு குடிசை. அவளுக்கு உலகம் என்றால் அதுதான்.

அந்தத் தோட்டத்துக்கு ராணி மாதிரி ஒரு கீரை. கோட்டைக்காரர்கள் அதைச் 'செல்தரை' என்பார்கள். ஊர் வாயில் அது ஒல்லாந்துக் கீரை. செலரி என்று சொல்கிறோமே, அதில் தடித்தண்டு வைக்காமல் இலையாகவே தழைக்கும் பழைய சாதி. பார்ப்பதற்கு அச்சு அசல் கொத்தமல்லிதான். குணம் மட்டும் வேறு. நம் கொத்தமல்லியை வேரோடு பிடுங்குவோம். இதைப் பிடுங்கக் கூடாது, அடியில் இரண்டு விரல் விட்டு அறுக்க வேண்டும். அறுக்க அறுக்கத் தழையும். கோட்டைச் சமையலறையில் இது விழாத சாறு கிடையாது.

வம்பு என்னவென்றால், நம் ஊர் வெயிலுக்கு இது பூக்காது. பூக்க வேண்டுமானால் குளிர் வேண்டும். அதனால் விதை வருஷா வருஷம் கப்பலில் வரும். இந்த வருஷம் வந்த விதைப் பொட்டலம் கடல்தண்ணீர் பட்டுப் பூஞ்சணம் பூத்துவிட்டது. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. கோட்டைக்குப் புதிதாக வந்த துரை ஒரே போடாகப் போட்டுவிட்டார். சித்திரை முடிவதற்குள் நல்ல விதை கையில் இருந்தால் தோட்டம் இருக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தைத் துணி வெளுக்கும் களமாக்கிவிடுவார்கள்.

அந்த மார்கழியில் பனி கொஞ்சம் கடுமை. பவுனு கும்பிடாத சாமி இல்லை. போன வருஷ விதையின் மிச்சத்தில் முளைத்த இருநூறு செடியில் ஒன்றே ஒன்று தண்டு விட்டது. தை முடியும் நேரம், தண்டின் நுனியில் மொட்டு கூடக் கட்டிவிட்டது.

அதைத்தான் சடையன், மழைக்கு ஒதுங்க வந்த இடத்தில், ஒத்தாசை என்று நினைத்துப் பிடுங்கிவிட்டான்.

விம்மலுக்கு நடுவே அவள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்ததும் அவனும் பக்கத்தில் சேற்றிலேயே குந்தினான்.

"தோட்டம் போச்சுன்னா... நைனா அன்னிக்கே போயிடுவாரு. எனக்கும் வேற எதுவும் தெரியாது."

"அழுவாதமே... இரு. வேர் அறுந்து போவல, பாரு. மண்ணோடதான் வந்துகீது. நட்டுடலாம்."

"நட்டா வருமா?"

"வராம எங்க போவும்? ஏரிச் சேறு கொண்டாரேன். இரு, இங்கயே இரு..."

நண்டுப் பறிக்கூடையை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினான். ஓடுகிறவனைப் பவுனு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தோள்வரை புரண்ட சுருட்டை முடி, முதுகில் வழியும் மழை... 'ஆளும் முடியும்... பேர் வைக்கத் தெரிஞ்சவங்கதான் சடையன்னு வெச்சிருக்காங்க' என்று நினைத்துக்கொண்டாள். பெயர் அப்போது அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இரண்டு நாளுக்கு ஒரு தடவை கோட்டைச் சமையலறைக்கு நண்டு கொண்டுவருகிறவனைத் தோட்டத்து வேலிக்குப் பின்னாலிருந்து யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டமா என்ன?

சேறு வந்தது. மணலைப் பறித்து, கறுப்புச் சேற்றைக் கொட்டி, செடியை நிறுத்தினார்கள். இலைப் பாரம் இருந்தால் வேர் தாங்காது என்று பவுனு சுற்றிலும் இருந்த இலைகளை அறுத்தாள். நடுத்தண்டும் மொட்டும் மட்டும் மிச்சம். மேலே நிழலுக்கு ஓலை.

அறுத்த இலை ஒரு கைப்பிடி. அதை எறிய அவளுக்கு மனசு வரவில்லை.

"உன் நண்டுல ரெண்டு குடு" என்றாள்.

குடிசையில் அடுப்பு மூட்டினாள். நண்டைத் தட்டிப் போட்டாள். சின்ன வெங்காயம், பூண்டு, இடித்த மிளகு. அரிசி கழுவிய தண்ணீர். கொதித்து நுரை அடங்கியதும் சட்டியை இறக்கி, அதற்குப் பிறகுதான் இலையைக் கிள்ளிப் போட்டு மூடினாள்.

"கொதிக்கும்போது போட்டா கசக்கும். எறக்கிட்டுப் போட்டா... நீயே பாரு."

சடையன் குடித்தான்.  இன்னொரு வாய் குடித்தான். சட்டி காலியாகும்வரை அவன் கீழே வைக்கவில்லை.

"இன்னா, குதிரை மருந்து எறங்குதா?"

"சும்மா இரும்மே... பொறந்ததுலேர்ந்து நண்டு துன்றேன். நண்டுக்குள்ள இப்படி ஒரு ருசி கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அவள் சிரித்தாள். அழுது சிவந்த கண்ணோடு சிரித்தால் எப்படி இருக்கும் என்று அவன் இதற்கு முன்பு பார்த்ததில்லை. வீடு போய்ச் சேரும்வரை அதே நினைப்பு. தோணியை வேறு யார் வீட்டு முளையிலோ கட்டிவிட்டு நடந்தான் என்று குப்பத்தில் ஒரே கேலி.

செடி மூன்று நாள் தலையைத் தொங்கப்போட்டது. நான்காம் நாள் காலை, நடுத்தண்டு நிமிர்ந்து நின்றது. பவுனு வேலிவரை ஓடி, வரும் வழியிலேயே சடையனை நிறுத்திச் சொன்னாள். "பொழச்சிக்கிச்சு!" அவள் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தார்கள். அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் வெண்டைக்காய்க்குப் பூச்சி பிடித்திருப்பதாகச் சொன்னாள்.

மாசி பிறந்தது. ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கின. காலை வெயிலில் தண்ணீரே இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த நாட்கள் எப்படிப் போயின என்று பவுனுவைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எல்லாம் ஒரு கனவு மாதிரி... அவன் வருவான். சேறு போடுவான். வேலிப் படலைச் சரிசெய்வான். தருமலிங்கம் உள்ளே கட்டிலில் படுத்தபடி, "யாரும்மா அது?" என்பார். "நண்டுக்காரர் நைனா, சேறு கொண்டாந்திருக்காரு" என்பாள். 'நீ' எப்போது 'நீங்க' ஆனது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

மாசிக் கடைசியில் செடி பூத்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற வெள்ளைப் பூ, குடை குடையாக. பூ காயானது. இந்த விதை ஓமத்தைவிடச் சின்னது. முற்றினால் காற்று அடிக்கும்போதே உதிர்ந்துவிடும், மணலில் விழுந்தால் அப்புறம் பொறுக்க முடியாது. அதனால் பூங்கொத்தின் தலையில் மெல்லிய துணியைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

அவள் தண்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் நூலைக் கட்டினான். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு. மூன்றாவதற்கு விரல் போனது... நின்றது. மூன்று முடிச்சு என்றால் என்ன என்று இந்த நாட்டில் எந்தக் குழந்தைக்குத் தெரியாது? பவுனுவுக்குக் காது மடல் சுட்டது.

"மூணாவத... நான் போட்டுக்கறேன்" என்றாள், குரலே வராமல்.

"ஏன், நான் போடக் கூடாதா?"

குனிந்திருந்தவள் நிமிரவே இல்லை.

"ரெண்டு முடிச்சே தாங்கும்" என்றது பின்னால் ஒரு குரல்.

தருமலிங்கம் தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அன்று காலையில்தான் கோட்டை வாசலில் இரண்டு பேர் அவர் காதுபடப் பேசிச் சிரித்திருந்தார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் யாரும் நினைத்த நாளில் வலை கட்டிவிட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போடும். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை விழும். அதற்குப் 'பாடு' என்று பெயர். ஒரு பாட்டை விட்டால் மறுபடி முறை வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் சாவு விழுந்தாலொழிய எவனும் பாட்டை விடமாட்டான். செடியைப் பிடுங்கிய அன்று, சேறு அள்ளவும் நண்டுச் சாறு குடிக்கவும் நின்றதில், சாயங்காலப் பாட்டுக்குச் சடையன் போகவில்லை. அதை அவன் இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. குப்பத்துக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"தோட்டக்காரன் பொண்ணுக்காகப் பாட்டையே விட்டான்னு ஊர் சிரிக்குது" என்றார் தருமலிங்கம். "நீ எதுக்குய்யா இங்க வர்ற? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சடையன் அவரைப் பார்க்கவில்லை. பவுனுவைப் பார்த்தான். "நீயே சொல்லு. நான் எதுக்கு வரேன்?"

பவுனு தண்டை விட்டுவிட்டு எழுந்தாள். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் எதிரே, தடி இல்லாமல் நிற்க முடியாத நைனா... அதோடு, பாட்டை விட்ட விஷயத்தை இவன் நம்மிடமே மறைத்துவிட்டானே, நம்மேல் இரக்கப்பட்டானா என்று ஒரு ரோஷம் வேறு.

"எதுக்கு வருவாரு? புடுங்கின செடிய ஈடுகட்ட வர்றாரு. வேற இன்னா?" என்றாள்.

சடையன் மிச்ச நூலைக் கீழே வைத்தான். பறியை எடுத்துத் தோளில் மாட்டினான். "சரி. அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். அவன் திரும்பிப் பார்ப்பான் என்று அவள் வேலியோரம் நின்றாள். அவன் திரும்பவில்லை.

அதற்கப்புறம் கோட்டைக்கு நண்டு வேறொருவன் கையில் வந்தது.

பங்குனி வெயில் ஏறியது. ஏரித் தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடியது. தோட்டத்துக் கிணறும் கரித்தது. கொஞ்சம் உப்பை அந்தக் கீரை தாங்கும், இந்த உப்பைத் தாங்காது. இலைச் செடிகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சாய்ந்தன. துணி கட்டிய அந்த ஒற்றைச் செடிக்கும் கீழிலை மஞ்சளானது. காய் பால் பிடிக்கும் நேரம்... நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் ஏரிக்கு அந்தப்புறம், கடலை ஒட்டிய மணல் திட்டில்தான் ஊறும். தோணி இல்லாமல் அங்கே போக முடியாது. யாரிடம் போய்க் கேட்பது? எந்த முகத்தோடு கேட்பது?

ஒருநாள் காலை படலைத் திறந்தாள் பவுனு. வாசலில் ஒரு மண்குடம். வாய்வரை தண்ணீர், மேலே ஒரு வாழையிலைத் துண்டு. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை.

அடுத்த நாளும் ஒரு குடம். அதற்கு அடுத்த நாளும். முந்தின நாள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நிறைகுடத்தை வைத்துவிட்டு, விடிவதற்குள் போய்விடுவான். மணலில் காலடித் தடம் மட்டும் கிடக்கும். அந்தத் தடத்தின் மேல் பவுனு ஒருநாள் கூட மிதிக்கவில்லை. சுற்றிக்கொண்டுதான் போனாள். தண்ணீரைச் செடிக்கு ஊற்றும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர். 'என்னை மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தை சொல்ல விடக் கூடாதா? அவ்ளோ ரோஷமா?' என்று குடத்தோடு சண்டை போட்டாள். குடம் என்ன பதில் சொல்லும், பாவம்.

சித்திரை பிறந்த ஒன்பதாம் நாள் விதை முற்றியது. துணியோடு தலையை அறுத்து, முறத்தில் உலர்த்தி, உதிர்த்தாள். இரண்டு கைப்பிடி! ஈரத்துணியில் முடிந்துவைத்த முப்பது விதையில், இரண்டு வாரம் கழித்து இருபத்தாறு முளை கண்டது. தருமலிங்கம் அதைக் கோட்டைக்கு எடுத்துப்போய்க் காட்டினார். துரை குனிந்து முளைகளைப் பார்த்தார். முதுகில் தட்டினார். தோட்டம் தோட்டமாகவே இருக்கும் என்று சொல்லியனுப்பினார்.

வீட்டுக்கு வந்த நைனா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பவுனுவும் அழுதாள். சந்தோஷத்தில்தான்... ஆனால் சந்தோஷம் மட்டும்தானா?

விதை கொடுத்த செடி அடியோடு காய்ந்துவிட்டது. அதன் ஆயுசு அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவளே அதைப் பிடுங்கி, பாத்தியைக் கொத்திச் சமன்படுத்தினாள். ஐப்பசி வரைக்கும் அங்கே விதைக்க ஒன்றும் இல்லை. வெறும் மண். காலிக் குடத்தைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தபோது மனசு கனத்தது. விதை வந்த சேதி குப்பத்துக்கும் போயிருக்கும். இனி அவன் எதற்கு வருவான்? ஈடு கட்டி முடிந்துவிட்டது. நாம்தானே அப்படிச் சொன்னோம்...

விடியும் நேரம் வாசலில் சலசலப்பு கேட்டு அவள் படலைத் திறந்தாள்.

சடையன் நின்றிருந்தான். தோளில் நிறைகுடம்.

 கிழக்கே ஏரி மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. அவன் கண்கள் வெறும் பாத்தியைப் பார்த்தன. பிறகு அவளைப் பார்த்தன.

"செடி... இல்ல" என்றாள் பவுனு. "நேத்தே எடுத்துட்டேன்."

"தெரியும். விதை வந்த சேதி நேத்தே கேள்விப்பட்டேன்."

"அப்புறம் இந்தத் தண்ணி யாருக்கு?"

அவன் குடத்தை இறக்கி வைத்தான். நிமிர்ந்தான். "உனக்குத்தான். கிணத்துத் தண்ணி கரிக்குது, நீ இன்னாத்த குடிப்ப? தெனம் அந்தச் செடிக்குத்தான் கொண்டாரேன்னு எனக்கே சொல்லிக்கினு வந்தேன் பவுனு. இன்னிக்கு அப்படிச் சொல்லிக்க ஒண்ணியும் இல்ல. இருந்தாலும் கால் இங்கதான் வருது."

பவுனு படலைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் சொன்னது பொய். நைனாவுக்குப் பயந்து சொல்லிட்டேன். ரோஷத்துலயும் சொல்லிட்டேன். நீங்க எதுக்கு வர்றீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க வராத ஒவ்வொரு நாளும்..." 

குடிசைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. தருமலிங்கம் வாசலுக்கு வந்தார். சடையன் ஓரடி பின்னால் போனான். பவுனு நகரவில்லை. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நைனா, நான் இவரத்தான் கட்டிக்குவேன். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்."

அவர் மகளைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். நிதானமாகக் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றார். "இந்தப் பையன் தெனம் விடியக்காலம் வந்து போறத ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்துக்கினேதான் இருக்கேன். தூங்கற மாதிரி நடிச்சு நடிச்சு இருக்கற முதுகும் போச்சு எனக்கு. இன்னிக்காவது சொன்னீங்களே... போதும்டா சாமி!" திரும்பி இரண்டடி போனவர் நின்றார். "தம்பி, உங்க குப்பத்துப் பெரியவங்களக் கூட்டிக்கினு வா. வரும்போது நண்டு எடுத்துக்கினு வா. வெறுங்கையோட வர்றவனை எப்படி மாப்பிள்ளன்னு கூப்பிடுறது?"

சடையன் அப்படியே நின்றுவிட்டான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. பவுனு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் சொல்லிட்டோம். நீங்கதான் இன்னும் சொல்லல."

"இன்னாத்த?"

"அதான்..."

அவனுக்குக் காதுவரை சிவந்தது. ஏரியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

"உன்மேல எனக்கு உசுரு, பவுனு."

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தலை குனிந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அவன் சொன்னான்.